செயலாளரின் ஆண்டறிக்கை 2025: லயன்ஸ் தேர்வும் நம் பையன்கள் தேர்வும்

மதிப்பிற்குரிய தலைவர், செயலவையினர், கழக உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விவரங்களை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். செயலவை தவறாமல் கூடியது. சந்தா நிலவரம் பொருளாளர் அறிக்கையில் இருக்கிறது. சங்கப் பதிவு இலாகாவுக்குப் போக வேண்டிய பாரங்களும் கணக்கும் நேரத்தோடு போய்ச் சேர்ந்தன. தீபாவளி உபசரிப்பு நல்லபடியாக நடந்தது. சமையலைக் கவனித்துக்கொண்ட மகளிர் பகுதிக்கு நன்றி.

அப்புறம், இந்த ஆண்டு நம் கழகத்தை உண்மையில் பிடித்து ஆட்டிய விஷயத்துக்கு வருகிறேன். பிரிட்டிஷ்-ஐரிஷ் லயன்ஸ் ரக்பி அணியின் ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணம்தான் அது. புதிதாகச் சேர்ந்த இளையோருக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கிலாந்து, அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் நான்கும் எப்போதும் தங்களுக்குள் மோதிக்கொள்பவை. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு தெற்கே கிளம்பும். ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து என்று மாறி மாறிப் போவதால் ஒரு நாட்டுக்கு அந்த வாய்ப்பு 12 ஆண்டுக்கு ஒருமுறைதான். ஓர் ஆட்டக்காரருக்கு வாழ்நாளில் ஒன்றிரண்டு முறை கிடைத்தால் பெரிது. யார் போவது, யார் போகாமல் நிற்பது என்ற பேச்சு அங்கே அவ்வளவு சூடாக இருப்பதற்கு அதுவே காரணம்.

தோட்டத்துத் திடலில் காற்பந்து உதைத்து வளர்ந்த நமக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்டார்கள். நம் மூத்தவர்கள் இடைநிலைப் பள்ளியிலும் இராணுவத்திலும் போலீசிலும் ரக்பி ஆடியவர்கள். பக்கத்துக் கோலகங்சாரில் மலாய்க் கல்லூரித் திடலின் ஓரத்தில் நின்று ஆட்டம் பார்த்தவர்கள். இந்தக் கழகமே அவர்கள் கட்டியதுதான்.

மே 8, இலண்டன் ஓ2 அரங்கில் லயன்ஸ் பயிற்றுநர் ஆண்டி ஃபாரல் 38 பேரை அறிவித்தார். நமக்கு அது இரவு நேரம். அதற்கு முன்பே உறுப்பினர்கள் ஆளுக்கொரு பட்டியல் எழுதி மூடிய உறையில் கொடுத்திருந்தார்கள். மண்டபச் சுவரில் பெரிய மணிலா அட்டையை ஒட்டி, பெயர் வர வர இளையோர் எழுதினார்கள். அயர்லாந்து 15, இங்கிலாந்து 13, ஸ்காட்லாந்து 8 என்று ஏறிக்கொண்டே போக, வேல்ஸ் பத்தியில் ஜாக் மார்கன், டோமோஸ் வில்லியம்ஸ் என்று இரண்டே பெயர். அட்டையின் அந்த மூலை வெள்ளையாகவே நின்றது. அங்கேதான் சண்டை தொடங்கியது.

ஒரு சாரார், நான்கு நாடும் சேர்ந்து அனுப்பும் அணியில் ஒரு நாட்டுக்கு இரண்டு இடம் என்பது அநியாயம் என்றார்கள். மறு சாரார், அந்த ஆண்டு ஆறு நாட்டுப் போட்டியில் வேல்ஸ் ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லையே, டெஸ்ட் ஆட்டங்களில் (நாட்டு அணிகள் மோதும் ஆட்டங்கள்) தொடர்ந்து 17 தோல்வி கண்ட அணியிலிருந்து யாரைப் பிடித்து இழுப்பது என்று கேட்டார்கள். பிள்ளைகளின் மேற்படிப்புக்கு இடம் கேட்டு அலைந்த பெற்றோர் நம்மிடையே நிறைய பேர். ஒதுக்கீடு என்று யாராவது வாயெடுத்தால் அவர்களுக்கு ரத்தம் கொதிக்கும். திறமைக்கே முதலிடம் என்று அவர்கள் விடாப்பிடியாக நின்றார்கள். அதே பெற்றோரில் இருவர், ஆனால் பயிற்றுநர் அயர்லாந்தின் சொந்தப் பயிற்றுநராச்சே, அவர் கண்ணில் முதலில் படுவது யார் என்றும் கேட்டார்கள். இரண்டு கேள்வியும் நியாயமானவைதான். கடை மூடும் நேரம் தாண்டியும் பேச்சு ஓயவில்லை.

அந்த இரவில் எனக்கு மிகவும் பிடித்த பேச்சு, தோட்டத்தில் ஆட்களை மேய்த்து ஓய்வு பெற்ற நம் மண்டோர் ஐயா பேசியது. பலருடைய பட்டியலில் ஐந்து ஃப்ளை-ஹாஃப் (பின்னால் நின்று ஆட்டத்தை நடத்துபவர்), மூன்று ப்ராப் (முன்வரிசையின் இரு ஓரத்திலும் நிற்பவர்) என்று இருந்ததைப் பார்த்துவிட்டு அவர் தோட்டப் பேச்சிலேயே சொன்னார் (பிரட்டு என்றால் காலையில் ஆள் கூட்டி வேலை பிரிப்பது, நெரை என்றால் வெட்ட வேண்டிய மர வரிசை): "தம்பி, பிரட்டுல ஆள் பிரிக்கும்போது கெட்டிக்காரன எல்லாம் ஒரே நெரையில போட்டா மேட்டு நெரைய யாரு வெட்டுறது?" அதுதான் விஷயம். ஸ்க்ரம் என்பது இரு அணியின் ஆட்களும் தோளோடு தோள் முட்டித் தள்ளுவது. அதன் முன்வரிசையில் நிற்க அதற்கென்றே பழகிய ஆள் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் தீர்ந்துபோனால் ஸ்க்ரம் பெயரளவுக்குத்தான் நடக்கும், யாரும் தள்ள முடியாது. ஆஸ்திரேலியாவில் மட்டும் ஜூன் 28 முதல் ஆகஸ்ட் 2 வரை ஒன்பது ஆட்டம். சனிக்கிழமைக்கு ஓர் அணி, வாரநடுவில் இன்னோர் அணி. ஃபாரலின் 38 பேரில் ப்ராப் ஆறு பேர், ஹூக்கர் (முன்வரிசையின் நடுவில் நிற்பவர்) மூன்று பேர், ஃப்ளை-ஹாஃப் மூன்றே பேர் என்று இருந்ததன் கணக்கு அதுதான். அவ்வளவு கணக்குப் பார்த்தும், புறப்படும் முன்பே ஸ்காட்லாந்து ப்ராப் ஸாண்டர் ஃபாகர்சன் காயத்தால் விலகினார். டோமோஸ் வில்லியம்ஸ் பெர்த்தில் நடந்த முதல் ஆட்டத்திலேயே தொடைத் தசைக் காயத்தோடு வெளியேற, வேல்ஸ் பத்தியில் ஒரே பெயர் மிஞ்சியது.

அடுத்த சண்டை லயன்ஸ் ஆட்டக்காரர் எலியட் டேலிக்குக் கை முறிந்து, அவருக்குப் பதிலாகப் பயிற்றுநரின் மகன் ஓவன் ஃபாரல் அழைக்கப்பட்டபோது வந்தது. "காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு" என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் போட, அன்று முழுக்க அதுதான். 2013, 2017, 2021 என்று மூன்று லயன்ஸ் பயணம் கண்டவர் ஓவன். மகனாக இல்லாவிட்டால் யாரும் புருவம் உயர்த்தியிருக்க மாட்டார்கள் என்பது என் கருத்து. ஆனாலும் உறவுக்காரர் தேர்வுக்கு வரும்போது மற்றவருக்குச் சொல்வதைவிட இரண்டு மடங்கு விளக்கம் சொல்ல வேண்டிய கடமை தேர்வாளருக்கு உண்டு. கோயில் கமிட்டி முதல் கூட்டுறவுக் கடை வரை நாம் பார்க்காததா?

டெஸ்ட் ஆட்டங்கள் மூன்றும் நமக்கு மாலை ஆறு மணிக்கு வந்தது பெரிய வசதி. பிரிஸ்பேனில் 27-19 என்று லயன்ஸ் வென்றது. மாற்று ஆட்டக்காரர்களோடு சேர்த்து அன்று எடுத்த 23 பேரில் ஒரு வேல்ஸ்காரர்கூட இல்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேல் நடக்காத ஒன்று. ஆஸ்திரேலியாவுக்கு அன்று வில் ஸ்கெல்டனும் ராப் வாலடினியும் இல்லை. மெல்பர்னில் இருவரும் திரும்பி வந்தார்கள். 90,307 பேர் கூடியிருந்த அரங்கில் முதல் பாதியிலேயே ஆஸ்திரேலியா 23-5 என்று ஏறியது. இரண்டு ஆட்கள் மாறினால் ஸ்க்ரமில் தள்ளும் கூட்டமே வேறாகிவிடும் என்று வகுப்பெடுத்துச் சொன்னாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியாது. பிறகு லயன்ஸ் ஊர்ந்து ஊர்ந்து வந்து, கடைசி நிமிடத்தில் ஹியூகோ கீனன் போட்ட டிரையால் (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்துப் புள்ளி எடுப்பது) 29-26. அந்த டிரைக்குச் சற்று முன் ரக்கில் (தரையில் கிடக்கும் பந்துக்காக இரு அணியும் முட்டிக்கொள்வது) ஆஸ்திரேலியாவின் கார்லோ டிசானோவை ஒதுக்கித் தள்ளியவர், மாற்று ஆட்டக்காரராக இறங்கியிருந்த அதே ஜாக் மார்கன். தவறா இல்லையா என்று நம் மண்டபம் இரண்டாகப் பிரிந்தது. நடுவர் திரும்பப் பார்த்து டிரையை ஒப்புக்கொண்டார். முதல் டெஸ்டில் இடமே இல்லாதவர் இரண்டாவதில் தொடரையே முடித்துவைக்கும் இடத்தில் நின்றார். சிட்னியில் மின்னலுக்காக ஆட்டம் நின்று, மழையில் ஆஸ்திரேலியா 22-12 என்று வென்றது. தொடர் 2-1.

மூத்தவர்கள் பழைய கதைகளையும் எடுத்துவைத்தார்கள். 2013இல் மூன்றாவது டெஸ்டுக்கு அன்றைய லயன்ஸ் பயிற்றுநர் வாரன் கேட்லண்ட், அயர்லாந்தின் நட்சத்திரம் பிரையன் ஓ'டிரிஸ்கலையே விட்டுவிட்டு 10 வேல்ஸ்காரர்களோடு இறங்கி 41-16 என்று வென்றார். 2017 நியூசிலாந்துப் பயணத்தில் அதே கேட்லண்ட், பக்கத்தில் இருக்கிறார்கள் என்ற வசதிக்காகவே ஆறு பேரைக் கூப்பிட்டுப் பலத்த கண்டனம் வாங்கினார். அந்த ஆறு பேரில் ஒருவர் ஃபின் ரஸ்ஸல். 2025இல் மூன்று டெஸ்டிலும் ஃப்ளை-ஹாஃபாகத் தொடங்கியவர் அவர்தான். நம் இளையோர் இதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். பட்டியலின் வாலில் ஒட்டிக்கொண்டு போனவன் அங்கேயே இருந்துவிட வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இவ்வளவு விரிவாக நான் எழுதுவதற்குக் காரணம், இந்த விவாதம் நம் பையன்களின் தேர்வை மாற்றியது. ஈப்போவில் நடந்த, அணிக்குப் பத்து பேர் ஆடும் ரக்பி ஆட்டத்துக்கு நம் இளையோர் அணி போனபோது, தேர்வுக் குழு ஒரு முடிவெடுத்தது. பட்டியல் வாட்ஸ்அப்பில் வரும் முன், இடம் கிடைக்காத ஒவ்வொரு பையனையும் நேரில் பார்த்துக் காரணம் சொல்ல வேண்டும். பயிற்சிக் குறிப்பேட்டையும் கையோடு கொண்டுபோக வேண்டும். அதில் ஒவ்வொரு பயிற்சியிலும் யார் எத்தனை டேக்கிள் (எதிராளியைப் பிடித்து வீழ்த்துவது) போட்டான், எத்தனை தவறவிட்டான், எத்தனை முறை தாமதமாக வந்தான் என்று பென்சிலில் கோடு போட்டிருக்கும்.

ஒரு பையனின் அம்மா வாசலிலேயே நின்று, "என் மவன் மழையிலயும் வந்தானே அண்ணே" என்றார். உண்மை. வருகைக் கோடுகளில் அவன்தான் முதல். ஆனால் அவன் ஆடும் இடத்தில் அவனைவிட நன்றாக ஆடும் இருவர் இருந்தார்கள். முன்வரிசையில் ஆள் குறைவாக இருந்தது. நம் பயிற்றுநர் அதை மறைக்காமல் சொன்னார். அந்த அம்மா ஒப்புக்கொள்ளவில்லை, கோபமாகத்தான் உள்ளே போனார். பையன் சில வாரம் வரவில்லை. பிறகு வந்தான். இப்போது முன்வரிசையில் தோள் கொடுக்கப் பழகிக்கொண்டிருக்கிறான்.

எனவே இந்தப் பொதுக்கூட்டத்தின் முன் இரண்டு தீர்மானங்களை வைக்கிறேன். தேர்வுக்கான காரணத்தை எழுதிவைப்பதும், விடுபட்டவருக்கு நேரில் சொல்வதும் இனி நம் கழகத்தின் விதியாக இருக்க வேண்டும். தேர்வுக் குழுவில் இருப்பவரின் பிள்ளையோ உறவினரோ பட்டியலுக்கு வந்தால், அந்தப் பெயரைப் பேசும்போது அவர் எழுந்து வெளியே இருக்க வேண்டும்.

2027இல் லயன்ஸ் மகளிர் அணி முதன்முறையாகச் சுற்றுப்பயணம் போகிறது, நியூசிலாந்துக்கு. அந்தத் தேர்வு விவாதத்தை மகளிர் பகுதி தலைமை தாங்கி நடத்தித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மணிலா அட்டை, பேனா, தேத்தண்ணி செலவு கழகத்தினுடையது.

நன்றி.

இப்படிக்கு,
கௌரவச் செயலாளர்
சுங்கை சிப்புட், பேராக்