பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்தாயா, செல்வி?

அன்பு மகள் செல்விக்கு,

படங்கள் வந்தன. அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறார். வேலைக்கும் போய்க்கொண்டு தனி ஆளாகப் பிள்ளையை வளர்க்கிறாய் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். ஆனால் 15 நாளாக ஏன் பேசவில்லை? "இளைத்திருக்கிறானே" என்று நான் கேட்டது அவ்வளவு குத்திவிட்டதா?

உன் சமையலை நான் குறை சொல்லவில்லை. அன்று வீடியோவில் அவன் ஒரு பக்கமாகவே மென்று, பாதியில் துப்பிவிட்டான். அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அவன் மேலுதட்டைத் தூக்கிப் பார். முன்பற்களில் ஈறோரம் சுண்ணாம்புபோல் வெள்ளைக் கோடு தெரிந்தால் சொத்தை தொடங்குகிறது. பழுப்பாகக் குழிந்திருந்தால் உள்ளே இறங்கிவிட்டது. கடைவாயையும் பார். 3 வயதுப் பிள்ளைக்குப் பல் வலிக்கிறது என்று பல நேரம் சொல்லத் தெரியாது, சோறு வேண்டாம் என்பான். மெல்லவும் முடியாமல் தூங்கவும் முடியாமல் எடை எப்படி ஏறும்? கொழுகொழு என்றிருக்கும் பிள்ளைக்கும் சொத்தை வரும், இனிப்பு இரண்டையும் செய்யும். அதனால் எடையை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்யாதே, பல்லைப் பார்.

பால் பல்தானே, விழத்தானே போகிறது என்றும் இருந்துவிடாதே. கடைவாய்ப் பால் பற்கள் 10, 12 வயது வரை இருக்க வேண்டியவை. உன் அண்ணனுக்கு நான் அப்படித்தான் சொன்னேன். சாப்பிடவில்லை என்று அவனை அடித்தும் இருக்கிறேன். கன்னம் வீங்கிய பிறகுதான் புரிந்தது. பல்லை எடுத்த மறுவாரம் அவனே தட்டைக் கொண்டுவந்து நீட்டினான்.

அது தெரிந்தும், அங்கே இருந்த 2 மாதமும் நீ தூங்கட்டும் என்று, சர்க்கரை போட்ட பால் புட்டியை இரவில் அவன் வாயில் வைத்தவள் நான்தான், செல்வி. உனக்குத் தெரியாது. தூக்கத்தில் எச்சில் ஊறுவது குறையும், பால் பல்லிலேயே தங்கி அரிக்கும் என்று போன வாரம் என் பல்லுக்காகப் போனபோது மருத்துவர் சொன்னார். எனக்கு அங்கேயே உட்கார முடியவில்லை. அந்தப் பழக்கத்தைத் தொடங்கிவைத்தவளே உன்னைக் கேள்வி கேட்டிருக்கிறேன்.

இரவுப் புட்டி இன்னும் இருந்தால் நிறுத்திவிடு, தண்ணீர் போதும். ஃபுளோரைடு உள்ள பற்பசை பட்டாணி அளவு வைத்து, படுக்கும் முன் நீயே தேய்த்துவிடு. இந்த வாரமே பல் மருத்துவரிடம் காட்டு. மேலுதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரு வரி எழுது. என்மேல் கோபமாக இருந்தாலும் எழுது.

அம்மா