காளானாய் முளைத்தவர்கள் அல்லர்

ஆசிரியருக்கு, வணக்கம்.

சமூகத்தில் நிலவும் ஆதிக்கத்தை ஆராய்ந்து கேள்வி கேட்கும் விமர்சனக் கோட்பாடு குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை ஜெர்மானியத் தத்துவவாதி ஹாபர்மாஸோடு நின்றுவிட்டது. அவரோடு நேருக்கு நேர் வாதிட்ட பெண்ணியச் சிந்தனையாளர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது வருத்தமளிக்கிறது.

ஹாபர்மாஸ் துணைக்கொண்ட அமெரிக்க உளவியலாளர் கோல்பெர்க்கின் ஒழுக்க வளர்ச்சிப் படிநிலைகள் ஆண் பிள்ளைகளை மட்டுமே ஆராய்ந்து உருவானவை என்பதை 1982இல் பெண்ணிய உளவியலாளர் கரோல் கில்லிகன் சுட்டிக்காட்டினார். மனைவியின் உயிரைக் காக்கக் கணவன் மருந்தைத் திருடலாமா என்ற கேள்விக்கு, உயிரையும் உடைமையையும் எடைபோட்டு விடை சொன்ன சிறுவனைவிட, கணவன் சிறைக்குப் போய்விட்டால் மனைவியின் நோய் முற்றிவிடாதா, கலந்து பேசி வேறு வழி காணலாமே என்ற சிறுமி அந்த அளவுகோலில் தாழ்ந்தே தெரிந்தாள். எனக்கோ அவள் பதிலில்தான் முதிர்ச்சி தெரிகிறது.

மனிதர்களை மண்ணிலிருந்து காளான்போல் முளைத்தவர்களாக எண்ணிப் பார்க்கச் சொன்ன பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலத் தத்துவவாதி ஹாப்ஸின் வரியை எடுத்துக்காட்டி, பெற்று வளர்த்தவளை மறந்த, மனிதன் யாரையும் சாராதவன் என்னும் அந்தத் தன்னாட்சிக் கருத்தைப் பெண்ணியத் தத்துவவாதி செய்லா பென்ஹபீப் கேள்விக்குள்ளாக்கினார். சம உரிமை கொண்ட 'பொதுவான பிறர்' என்பதோடு, தமக்கென வரலாறும் தேவையும் உடைய 'குறிப்பிட்ட பிறர்' ஆகவும் ஒருவரை அங்கீகரிக்க வேண்டும் என்பதே அவர் வாதம். நீதியைக் கைவிட்டுப் பரிவைப் பிடிக்கச் சொன்னதாக அதைத் திரிப்பது தவறு.

அங்கீகாரம் குறித்து ஜெர்மானியத் தத்துவவாதி ஹோனெத்தும் அமெரிக்கப் பெண்ணியச் சிந்தனையாளர் நான்சி ஃப்ரேசரும் நடத்திய விவாதத்தையும் சேர்த்து, தொடர்ச்சியாக ஒரு கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்