தம்பி சந்தைக்குப் போய் வந்தான்

நேற்று என் தம்பி தானாகவே சைக்கிளை எடுத்துக்கொண்டு சுன்னாகம் சந்தைக்குப் போய் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வாங்கி வந்தான். ஒன்பது மாதத்துக்கு முன் அறைக்கதவையே திறக்காமல் கிடந்த பிள்ளை. அதுதான் இந்த மடல்.

ஏ.எல். படித்துக்கொண்டிருந்தவன் நித்திரையில்லாமல் திரியத் தொடங்கினான். பக்கத்து வளவில் கிணற்று மோட்டர் போட்டால் காதைப் பொத்துவான். அதற்குள்ளிருந்து யாரோ பெயர் சொல்லித் திட்டுகிறார்களாம். போனைத் துவாயில் சுற்றி அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்தான். நூல் கட்டினோம். ஆறு கிழமை போய்விட்டது.

"பிள்ளை, இது பேயில்லை, வருத்தம். நாளைக்கே கொண்டுபோய்க் காட்டுங்கோ" என்று சொன்ன ஒரே ஆள் பக்கத்து வீட்டு மாமி. அவருக்கு முதல் நன்றி. விடியவே ஓட்டோவோடு வந்து நின்று, காசு வாங்காமல் போன அண்ணாவுக்கும் நன்றி.

அப்புறம், உளவியலாளர் மிஸ். "மோட்டர் பேசுமோடா?" என்று நாங்கள் அவனோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தோம். நீங்கள் சண்டை பிடிக்கவில்லை. "தம்பி, எந்த நேரம் கூடக் கேக்குது?" என்று கேட்டு ஒரு கொப்பியில் குறிக்கச் சொன்னீர்கள். இரண்டு கிழமையில் அவனே கண்டுபிடித்தான்: இரவு முழித்திருந்தால் அடுத்த நாள் குரல் கூடுகிறது. மருந்து தந்த மனநல வைத்தியருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் அவன் எங்களோடு திரும்பக் கதைக்கத் தொடங்கியது அந்தக் கொப்பியை வைத்துத்தான்.

சைக்கோசிஸ் (இல்லாத குரல் கேட்கிற, இல்லாததை உண்மையென்று நம்புகிற இந்த வருத்தம்) தொடங்கிச் சிகிச்சை கிடைக்கும்வரை போகும் நாட்கள் குறையக் குறையத் தேறுவது சுலபம் என்றும், 1992இல் மெல்பேர்னில் மனநல வைத்தியர் பற்றிக் மக்கொறி குழுவினர் இளையோருக்கெனத் தனிச்சேவை தொடங்கியதே அதற்காகத்தான் என்றும் சொன்னீர்கள். "நான் வளர்த்த பிழையோ" என்று அழுத அம்மாவிடம், சென்னையையும் மொன்றியலையும் ஒப்பிட்ட ஆய்வில் சென்னைக் குடும்பங்கள்தான் சிகிச்சையில் கூடச் சேர்ந்து நின்றன, நீங்களும் நில்லுங்கோ என்றீர்கள். வீட்டில் ஏச்சு கூடினால் வருத்தம் திரும்பக்கூடும் என்று கேட்ட நாளிலிருந்து அப்பா குரல் உயர்த்தியதில்லை. ஓர் ஆய்வில் சேரத் தம்பியைக் கேட்டபோதும், "விருப்பமில்லையென்றால் வேண்டாம், சிகிச்சை அப்படியே நடக்கும்" என்றீர்கள். அவன் யோசித்து, சரி என்றான். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவனாக எடுத்த முடிவு அது.

குரல் இன்னும் இடைக்கிடை கேட்கிறது. கொப்பியில் எழுதுகிறான். அடுத்த மாதம் டியூட்டரிக்கு ஒரு பாடத்துக்கு மட்டும் போகப் போகிறான்.

மிஸ், நாளைக்குக் கிளினிக். அவன் வாங்கி வந்த மாம்பழத்தில் நல்லதாக ஆறு பொறுக்கி அம்மா உங்களுக்கென்று வைத்திருக்கிறார்.