பழைய வேனின் பின் இருக்கைக்குத் தோள் பெல்ட்

பிரிஸ்டல்

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் 1974ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வேகன் கேம்பர் வேனின் படங்களும் வந்து சேர்ந்தன. ஓய்வுபெற்ற பின் நீ தோட்டம் போடுவாய் என்று நினைத்திருந்தேன். துருவோடு மல்லுக்கட்டப் போகிறாய் என்று அறிந்ததில் எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். முழங்கால் வலி குறைந்ததா என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாய். நாங்கள் இருவரும் நலம்.

பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஸ்காட்லாந்து போவதற்கு முன் பின் இருக்கைக்குத் தோள் பெல்ட் அவசியமா என்று கேட்டிருக்கிறாய். அவசியம்தான். பிரிட்டனில் புதிய கார்களின் பின் இருக்கைக்கே 1987இல்தான் பெல்ட் கட்டாயமானது என்பதால், சட்டம் உன் வண்டியைக் கேள்வி கேட்காது. ஆனால் இப்போது அதிலிருக்கும் இடுப்புப் பெல்ட், மோதலின்போது உடலை இடுப்பிலேயே மடக்கிவிடும். அது இடுப்பெலும்பிலிருந்து நழுவி வயிற்றுக்கு ஏறினால் குடலும் முதுகெலும்பும் தப்பாது. தவிரவும், குழந்தைகளைச் சற்று உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டர் இருக்கையை வெறும் இடுப்புப் பெல்ட்டோடு பயன்படுத்தவே கூடாது. உன் பேரப்பிள்ளைகளின் வயதுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

பெல்ட்டை வாங்குவது எளிது. அதை எதில் பூட்டுகிறோம் என்பதில்தான் வேலையே இருக்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அரை மீட்டருக்குள் நின்றால், 25 கிலோ எடையுள்ள சிறுவன் ஏறத்தாழ அரை டன் பாரத்தோடு பெல்ட்டை இழுப்பான். ஐரோப்பிய விதிப்படி, காரில் பெல்ட்டைப் பூட்டும் பிணைப்பிடங்கள் தோள் பகுதிக்கு மட்டுமே 13,500 நியூட்டன் இழுவையை, அதாவது ஏறத்தாழ 1.4 டன் பாரத்தை, தாங்க வேண்டும். ஒட்டுப்பலகை அலமாரியோ, படுக்கையாக மடங்கும் இருக்கையின் மரச்சட்டமோ அந்த விசைக்கு முன் நிற்காது. முதலில் உள்புற மூடுபலகைகளைக் கழற்றி, பக்கச் சுவரில் கூரையைத் தாங்கும் தூணில் தொழிற்சாலையே வைத்த மரையிட்ட துளை ஏதும் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால், உட்புறத்தில் அகலமான எஃகுத் தகட்டை வைத்து வெல்டிங் செய்து, 7/16 அங்குல போல்ட்டுக்கு உரிய மரையோடு பிணைப்பிடத்தை உருவாக்க வேண்டும். துருவுக்கு ஒட்டுப் போட்ட இடத்தில் இதைச் செய்வது வீண். ஆணியால் தட்டிப் பார்த்து நல்ல உலோகம்தானா என்று உறுதிசெய்துகொள்.

இந்த வண்டியில் இன்னொரு சிக்கலும் உண்டு. எஞ்சின் பின்புறம் இருப்பதால் பெட்ரோல் டாங்க் பின் இருக்கைக்கு அப்பாலுள்ள தடுப்புச் சுவரை ஒட்டியே அமைந்திருக்கிறது. மேலே, பக்கக் கண்ணாடிக்குப் பின்னுள்ள மூலையோ எஞ்சினுக்குக் காற்று செல்லும் வழி. அந்தப் பக்கம் துளையிடுவதையும் வெல்டிங் செய்வதையும் டாங்கை இறக்கத் தெரிந்த பட்டறையிடமே விட்டுவிடு. உன் கைத்திறமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பெட்ரோல் ஆவி யாருடைய திறமையையும் மதிப்பதில்லை.

மேல் பிணைப்பிடம் உட்காருபவரின் தோள் உயரத்திலோ அதற்குச் சற்று மேலோ அமைய வேண்டும். கீழே அமைந்தால் பெல்ட் தோளைக் கீழ்நோக்கி அழுத்தி, முதுகெலும்பை நசுக்கும். பெல்ட் சுருளும் பெட்டியையும் தயாரிப்பாளர் சொன்ன கோணத்திலேயே பொருத்த வேண்டும்; உள்ளிருக்கும் உணர்பொறி சாய்வை வைத்தே வேலை செய்வதால், கோணம் தவறினால் பெல்ட் வெளியே வராமல் பூட்டிக்கொள்ளும். கீழ்ப் பிணைப்பிடங்கள் தரைத்தகட்டில் இருக்கட்டும். நடு இருக்கைக்குத் தோள் பெல்ட் அமைக்க மேலே பிடிமானமே இல்லாததால், அங்கே யாரையும் உட்காரவிடாதே.

என் வண்டியில் இடப்பக்கத் துணி அலமாரி தூணை மறைத்திருந்ததால், அதன் மேற்பகுதியை வெட்டிவிட்டேன். பழமை கெட்டுவிட்டது என்று கண்காட்சிக்கு வந்த ஒருவர் முகம் சுளித்தார். அவர் வண்டியில் குழந்தைகள் ஏறுவதில்லை போலும். உன் மனைவிக்கு அந்த அலமாரி வேண்டுமென்றால் சுருள்பெட்டியை அதனுள் மறைத்து, பெல்ட்டை மட்டும் ஒரு பிளவின் வழியே வெளியே விடலாம். அப்போதும் போல்ட் உடற்தகட்டில்தான் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதித் தெரிவித்துவிடு.

பெல்ட் வாங்குமுன் இருக்கைத் தளத்திலிருந்து பெரியவரின் தோள்வரை உள்ள உயரத்தை அளந்து, மூடுபலகை கழற்றிய தூணின் படத்தோடு எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்