பூட்ஸ் பெரிதானால் குதிகால் தப்பாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த மலையேற்றக் கட்டுரையைப் படித்தேன். முதுகுப்பைக்கு அரைப் பக்கம், தண்ணீருக்கு ஒரு பத்தி, பாதத்துக்கு மட்டும் மூன்றே வரி: ஒரு சைஸ் பெரிய பூட்ஸ் வாங்குங்கள், குதிகாலில் வாசலின் தடவுங்கள், கொப்புளம் வந்தால் பிளாஸ்திரி ஒட்டுங்கள். இதே யோசனைகளை நம்பிப் புறப்பட்டு, பாதி வழியில் பூட்ஸைக் கழற்றிப் பையில் தொங்கவிட்டுக்கொண்டு ரப்பர் செருப்போடு இறங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

மலையேறும் குழுக்களில் கடைசி ஆளாக நடப்பது என் பொறுப்பு. யாரும் பின்தங்கிவிடக் கூடாது. முதலுதவிப் பையும் என் முதுகில்தான். கடைசியில் வருபவளுக்கு மற்றவர்களின் முகம் தெரியாது, குதிகால்தான் தெரியும். ஏற்றத்தில் சிலருக்குப் பூட்ஸின் அடிப்பாகம் தரையிலேயே இருக்க, உள்ளே குதிகால் மட்டும் எழும்புவது பின்னாலிருந்து நன்றாகத் தெரியும். பூட்ஸின் மேல் விளிம்பு ஒவ்வோர் அடிக்கும் லேசாக விரிந்து மூடும். கொஞ்ச நேரத்தில் அதே ஆள் ஒரு காலை மட்டும் வெளிப்பக்கமாகத் திருப்பி வைக்க ஆரம்பிப்பார். பேச்சும் குறைந்துவிடும். கேட்டால், "ஒன்றுமில்லை, நடக்கலாம்" என்பார்.

பூட்ஸ் உரசித் தோல் உரிவதுதான் கொப்புளம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது சிராய்ப்பு. கொப்புளம் கிளம்பும் விதம் வேறு. ஒரு விரலைப் புறங்கையில் அழுத்தி வைத்து, விரல் வழுக்காதபடி முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். மேலே தோல் விரலோடு போகும்; அடியில் எலும்பு அசையாது. குதிகாலில் இதுவே தலைகீழாக நடக்கிறது. வியர்வையில் தோலும் சாக்ஸும் ஒட்டிக்கொண்டு ஓரிடத்தில் நிற்க, எலும்பு ஒவ்வோர் அடிக்கும் மேலும் கீழும் போய்வருகிறது. நடுவில் மாட்டிக்கொண்ட தோல் இழுபட்டு இழுபட்டு மேல்தோலுக்குள்ளேயே ஒரு பிளவு விழுகிறது, அங்கே நீர் கோத்துக்கொள்கிறது. ஆகவே அடக்க வேண்டியது குதிகாலின் எழும்பலை. ஒரு சைஸ் பெரிய பூட்ஸ் அதை அதிகமாக்கத்தான் செய்யும்.

இறக்கத்தில் விரல்கள் முன்னால் போய் இடிக்காமல் இருக்க முன்பக்கம் இடம் வேண்டும், உண்மைதான். ஆனால் பின்பக்கம் கச்சிதமாகப் பிடிக்க வேண்டும். இரண்டையும் ஒருசேரத் தரும் பூட்ஸைத் தேடிப் பிடிப்பதற்குப் பொறுமை வேண்டும்; சைஸ் எண்ணைக் கூட்டி வாங்குவது சுலபம். கால் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், மலைக்குப் போடப்போகும் அதே சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். கடையில் மாடிப்படி இருந்தால் வெட்கப்படாமல் ஏறி இறங்குங்கள். அடிப்பாகம் விறைப்பாக இருக்கும் புதுப் பூட்ஸில் குதிகால் துளி எழும்பத்தான் செய்யும். பழகப் பழக அடங்கிவிடும். படியேறும்போது குதிகால் தனியாகக் கிளம்பி வந்தால் அந்த ஜோடி உங்களுக்கு வேண்டாம்.

சரி, ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால்? லேஸ் கட்டுவதில் பாதிப் பிரச்சினை தீரும். முதலில் குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பின்பக்கம் ஒட்ட உட்காரவையுங்கள். விரல்களுக்கு மேலே லேஸ் தளர்வாகவே இருக்கட்டும். பாதம் கணுக்காலோடு வளைகிற இடத்துக்கு வந்ததும், இரண்டு லேஸையும் ஒன்றோடொன்று இரண்டு முறை சுற்றி இறுக்குங்கள். அந்த இறுக்கம் கையை விட்டாலும் நழுவாது. லேஸைத் தளரவிடாமல் நேராக அடுத்த கொக்கியில் மாட்டி, இன்னொரு முறை அதேபோலச் சுற்றுங்கள். அதற்கு மேலே வழக்கம்போல் கட்டலாம், இறுக்க வேண்டியதில்லை. மேலே கெட்டியாகக் கட்டிவிட்டு வளைவில் விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். கணுக்கால் வலிக்கும், குதிகால் ஆடிக்கொண்டே இருக்கும். லேஸ் நடக்க நடக்கத் தளரும் என்பதால் வழியில் திரும்ப ஒரு முறை கட்டத்தான் வேண்டும்.

வாசலினுக்கு வருகிறேன். தடவியவுடன் வழுக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது தோலுக்குள்ளும் சாக்ஸுக்குள்ளும் போன பிறகு பிடிமானம் மறுபடி கூடிவிடும். நாள் முழுக்க நடக்கிறவர் திரும்பத் திரும்பத் தடவ வேண்டும். போதாக்குறைக்கு அதன் மேல் டேப் ஒட்டாது. வியர்வையை நிறுத்தும் மருந்து பூசலாமே என்று கேட்பவர்களும் உண்டு. அமெரிக்க ராணுவக் கல்லூரி மாணவர்கள் 667 பேரிடம் அதைச் சோதித்து 1998-இல் முடிவை வெளியிட்டார்கள். 21 கிலோமீட்டர் நடையில், மருந்து பூசியவர்களில் 21 சதவீதம் பேருக்குக் கொப்புளம், பூசாதவர்களில் 48 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பூசியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தோலில் எரிச்சலும் அரிப்பும் வந்தன. நான் யாருக்கும் சொல்வதில்லை.

சொல்வது மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரணப் பேப்பர் டேப். ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் 250 கிலோமீட்டர் தூரத்தைப் பல நாள் ஓடிக் கடக்கும் பந்தயங்களில் 128 பேரின் பாதங்களில் இதை ஒட்டிப் பார்த்தார்கள். ஒட்டிய இடங்களில் கொப்புளம் சுமார் 40 சதவீதம் குறைந்ததாக 2016-இல் எழுதினார்கள். வழக்கமாகக் கடிபடும் இடம் உங்களுக்குத் தெரியுமென்றால் காலையிலேயே, கால் உலர்ந்திருக்கும்போதே, ஒரே அடுக்காகச் சுருக்கமில்லாமல் ஒட்டிவிடுங்கள். அப்புறம் சாக்ஸ். பருத்தி சாக்ஸ் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கம்பளியோ பாலியெஸ்டரோ மேல். மெல்லியது ஒன்று உள்ளே, தடித்தது ஒன்று வெளியே போட்டால் இரண்டு சாக்ஸும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், தோல் தப்பிக்கும். இரண்டு போட்டும் பூட்ஸில் இடமிருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை.

இத்தனைக்கும் மேலே ஒரு விஷயத்தைக் கட்டுரை தொடவே இல்லை. கொப்புளம் திடீரென்று வருவதில்லை. முதலில் அந்த இடம் சுடும். அப்போதே சாக்ஸைக் கழற்றினால் நாணயம் அளவுக்கு ஒரு சிவப்பு, விரல் வைத்தால் சுற்றியுள்ள தோலைவிடக் கதகதப்பு, அவ்வளவுதான் இருக்கும். சில நேரம் சாக்ஸில் ஒரு மடிப்பு, ஒரு மணல் துணுக்கு. தட்டிவிட்டு, வியர்வையைத் துடைத்து, டேப் ஒட்டி, லேஸை இறுக்கினால் ஐந்து நிமிடம். இந்த ஐந்து நிமிடத்தைக் கேட்பதற்குத்தான் எல்லோருக்கும் கூச்சம். தன்னால் குழு நிற்கிறதே என்ற சங்கடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்து, பிறகு தன்னால் குழுவே ஊர்ந்து போகும்படி ஆக்கிவிடுகிறார்கள். அதனால் எங்கள் குழுவில் முதல் அரை மணி நேரம் முடிந்ததும் எல்லோரையும் உட்காரச் சொல்லிவிடுவோம். யாரும் கேட்க வேண்டியதில்லை. எல்லோரும் பூட்ஸைக் கழற்ற வேண்டும். வேகமாக நடக்கும் இளைஞர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

கொப்புளமே வந்துவிட்டால் மேல்தோலைப் பிய்க்காதீர்கள், அதைவிட நல்ல கட்டு இல்லை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஊசியால் குத்தி நீர் எடுக்கவே கூடாது, மருத்துவரிடம் போக வேண்டும். சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அமெரிக்க அதிபராக இருந்த கால்வின் கூலிட்ஜின் 16 வயது மகன், சாக்ஸ் போடாமல் டென்னிஸ் ஆடிக் கால்விரலில் வந்த கொப்புளம் சீழ்பிடித்து 1924 ஜூலையில் இறந்துபோனான். ஆன்டிபயாட்டிக் இல்லாத காலம் அது. இன்றைக்கு மருந்து இருக்கிறது. ஆனாலும் சுற்றிலும் சிவப்பு பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ நடையை நிறுத்திவிட வேண்டியதுதான்.

அடுத்த முறை கொண்டுபோக வேண்டிய பொருட்களின் பட்டியலை வெளியிடும்போது டேப்போடு ஒரு சிறிய கத்தரிக்கோலையும் சேர்த்துவிடுங்கள். பல்லால் கிழித்த டேப்பின் மூலை சாக்ஸில் பட்டுச் சுருண்டுகொள்ளும். வட்டமாக நறுக்கி ஒட்டினால் மாலைவரை அப்படியே இருக்கும்.

அன்புடன்,
மலையேற்றக் குழு ஒன்றின் முதலுதவிப் பொறுப்பாளர்