பரண்மேல் இருக்கும் மாமாவின் பெட்டி

ஹாக்கென்சாக், நியூ ஜெர்சி
ஜனவரி 18

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதுவது. நான் நலம். உன் கடிதம் நேற்று வந்தது. இதற்கு முன் நீ போட்ட இரண்டுக்கும் பதில் எழுதவில்லை என்று அம்மா மனம் வருந்துவதாக எழுதியிருக்கிறாய். வேலை நேரம் ராத்திரிக்கு மாறிவிட்டது, அவ்வளவுதான் என்று சொல். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை.

மாமாவின் ரெக்கார்டு பெட்டியை எடைக்குப் போட்டுவிடலாம் என்று அப்பா சொல்கிறாராமே. தயவுசெய்து வேண்டாம். கவரோடு சேர்த்து ஒரு எல்.பி., அதாவது பெரிய பிளாஸ்டிக் இசைத்தட்டு, கால் கிலோ இருக்கும். எண்பது என்றால் இருபது கிலோ. அந்த இருபது கிலோவுக்காக மாமா கப்பலில் எத்தனை வருஷம் சம்பளத்தை மிச்சம் பிடித்தார் என்று நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். அதனால் ஒவ்வொன்றாக எழுதுகிறேன், பத்திரமாக வைத்துக்கொள்.

முதல் வேலை, பெட்டியைப் பரணிலிருந்து இறக்குவது. ஓட்டுக்குக் கீழே அடிக்கிற சூட்டில் தட்டு நெளிந்துவிடும். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்திருந்தால் அடியில் இருப்பவை கெட்டிருக்கும். இறக்கியதும் புத்தகம் போல நேராக நிமிர்த்தி வை, ஒரு பக்கமாகச் சாயவிடாதே. நெளிந்ததை வெயிலில் காயவைத்தோ இஸ்திரிப் பெட்டி வைத்தோ நிமிர்த்தலாம் என்று சின்னவன் ஆரம்பிப்பான், விடாதே. மேடு பள்ளம் போனாலும் போகும், அதோடு பாட்டும் போகும்.

கவரில் பூஞ்சணம் பூத்திருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அதை வீட்டுக்குள் தட்டாதே. வெளியே நிழலில், மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் துடை. அட்டையில் தண்ணீர் படவே கூடாது. உள்ளே பழைய பிளாஸ்டிக் உறை இருந்தால் தூக்கிப் போடு. பி.வி.சி. உறை நாளடைவில் தட்டோடு சேர்ந்து வெண்புகை படிந்ததுபோல் ஆக்கிவிடும், அது கழுவினாலும் போகாது. உள்ளே பாலித்தீன் ஒட்டிய காகித உறைதான் நல்லது.

தட்டைக் கழுவ, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் 800 மில்லி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் 200 மில்லி, வாசனை இல்லாத பாத்திரம் கழுவும் திரவம் இரண்டே சொட்டு. சர்ஜிகல் ஸ்பிரிட் வேண்டாம், அதில் வேறு என்னென்னவோ கலந்திருக்கும். குழாய்த் தண்ணீரும் வேண்டாம். அதிலுள்ள உப்பு காய்ந்து, ஊசி ஓடும் பள்ளத்துக்குள் படிந்தால், பாட்டு பூரா பொரிகிற சத்தம் கேட்கும். லேபிளை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் பள்ளம் போகும் வட்டத்திலேயே தேய். குறுக்கே தேய்க்காதே. பிறகு வெறும் டிஸ்டில்ட் வாட்டரில் இரண்டு தடவை அலசு, சோப்பு மிச்சம் இருந்தால் ஊசியில் பசையாகச் சேரும். நிமிர்த்தி வைத்து முழுக்கக் காயவிட்டுத்தான் உறையில் போட வேண்டும். அரைகுறையாகக் காய்ந்தது உள்ளே போனால் மறுபடி பூஞ்சணம்தான்.

ஒன்றை மட்டும் மறக்காதே. பெட்டியின் அடியில் கனமான, தடித்த தட்டுகள் சில இருக்கும், நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றுபவை. அவை அரக்கில் செய்தவை. ஆல்கஹால் பட்டால் கரைந்துவிடும். அவற்றுக்குத் தண்ணீரும் சோப்பும் மட்டும். எல்.பி. ஊசியையும் அவற்றில் வைக்கக் கூடாது. அந்தப் பள்ளம் எல்.பி.யைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம், ஊசி அடியில் போய் அழுக்கைத்தான் வாசிக்கும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். கீழ்வீட்டுப் பெரியவரிடம் கற்றது. வீட்டுக்குள்ளும் கம்பளித் தொப்பி போட்டிருப்பார் என்று எழுதினேனே, அவர்தான். சுவர் முழுக்க ஜாஸ் ரெக்கார்டு. இப்போது வெளியே மைனஸ் பத்து. நாள் முழுக்க ஹீட்டர் ஓடுவதால் அறைக் காற்று வறண்டு, உறையிலிருந்து தட்டை உருவினாலே பட்பட்டென்று மின்சாரம் தெறிக்கும். அந்த மின்சாரம் அறையிலுள்ள தூசி அத்தனையையும் தட்டுக்கு இழுத்துவிடும். அதனால் அவர் அடுப்பில் ஒரு சட்டி தண்ணீரை எந்நேரமும் கொதிக்க வைத்திருப்பார். வேறெதற்கும் இல்லை, ரெக்கார்டுக்காக. நமக்கு ஈரம் எதிரி, இவர்களுக்கு வறட்சி எதிரி. தட்டைத் தொடும்போது விரல்நுனியை விளிம்பிலும் லேபிளிலும் மட்டும் வைப்பார். மாமாவும் அப்படித்தான் பிடிப்பார், ஞாபகம் இருக்கிறதா?

நீ அனுப்பிய போட்டோக்களை அவரிடம் காட்டினேன். நீலமும் வெள்ளையுமாக லேபிள் போட்ட புளூ நோட் என்ற ஜாஸ் கம்பெனியின் தட்டுகளைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். லேபிளில் என்ன முகவரி என்று அப்படியே எழுது. லெக்சிங்டன் அவென்யூ என்றால் மிகப் பழையது. 47 வெஸ்ட் 63 என்றால் அதற்கு அடுத்தது. நியூயார்க் யு.எஸ்.ஏ. என்று மட்டும் இருந்தால் அறுபதுகள். லிபர்ட்டி ரெக்கார்ட்ஸின் பிரிவு என்று அச்சிட்டிருந்தால் 1966க்குப் பிந்தியது. லேபிளை மட்டும் நம்பாதே. கடைசிப் பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும்வரை வழவழப்பாக ஒரு வளையம் இருக்கும். டார்ச் அடித்துச் சாய்த்துப் பார். ஆர்.வி.ஜி. என்றோ வான் கெல்டர் என்றோ இருந்தால், ஒலிப்பதிவு செய்த ரூடி வான் கெல்டரே வெட்டிய அச்சு. பக்கத்தில் மனிதக் காது போலச் சின்னதாக ஒரு குறி இருக்கிறதா பார். அது தட்டுகளை அச்சிட்ட பிளாஸ்டிலைட் ஆலையின் பி எழுத்து. காது இருந்தால் 1966க்கு முன் அச்சானது.

அந்த வான் கெல்டர் 1959 வரை பதிவு செய்தது இதே ஊரில்தான், அவருடைய அப்பா அம்மா வீட்டு வரவேற்பறையில். சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் புளூ டிரெய்னை 1957 செப்டம்பரில் அங்கேதான் வாசித்தார்கள். மாமா வைத்திருந்த அதே தட்டு. அவர் உயிரோடு இருந்திருந்தால், நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்று சொன்னதுமே எழுந்து நின்றிருப்பார்.

இன்னொன்று. டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் கைண்ட் ஆஃப் புளூ தட்டின் முதல் பக்கம் ஹார்மோனியத்தோடு சேரவே இல்லை, இரண்டாம் பக்கம் மட்டும் சேருகிறது என்று மாமா புலம்புவாரே. ஹார்மோனியம் பழுது என்று நாம் எல்லோரும் சொன்னோம். அவர் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது, பாப்பா. 1959 மார்ச்சில் முதல் பக்கத்தைப் பதிவு செய்தபோது டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. அந்த டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டியபோது, தட்டில் சுருதி கொஞ்சம் ஏறிவிட்டது. 1992இல்தான் அதைத் திருத்தி வெளியிட்டார்கள். பெரியவர் இதைச் சொன்ன ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. திண்ணையில் ஹார்மோனியத்தை மடியில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டி ஆட்டி ஒத்துப் பார்ப்பாரே, அதுவே கண்ணுக்குள் நின்றது. மாமியிடம் நீ இதைச் சொல்ல வேண்டும்.

சரி. இங்கேயிருந்து ஒரு பிளேயர் வாங்கி அனுப்பு என்று சின்னவன் கேட்கிறான். பணத்துக்காக யோசிக்கவில்லை. இங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நமக்கு 230, 50. டிரான்ஸ்பார்மர் போட்டால் வோல்ட் இறங்குமே தவிர ஹெர்ட்ஸ் மாறாது. பழைய ஏ.சி. மோட்டார் ஹெர்ட்ஸை நம்பித்தான் சுற்றும். நிமிஷத்துக்கு 33⅓ சுற்று சுற்ற வேண்டிய எல்.பி. தட்டு 28 சுற்றுக்கும் கீழே போய், பாட்டு மூன்று ஸ்வரஸ்தானம் இறங்கிவிடும். மோட்டாரில் 50 ஹெர்ட்ஸுக்கான புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) மாற்ற வேண்டும், அது எல்லா மாடலுக்கும் கிடைக்காது. டி.சி. மோட்டார் வைத்ததாக அங்கேயே பார்க்கட்டும். மாமாவின் பழைய பிளேயரில் எதையும் போட்டுப் பார்க்காதீர்கள். அந்த ஊசி எத்தனை வருஷத்தது என்று யாருக்கும் தெரியாது. தேய்ந்த ஊசி உளிக்குச் சமம்.

புதிது வந்ததும் ஊசி தட்டை அழுத்தும் எடையைச் சரிபார்க்க வேண்டும். ஆன்டி ஸ்கேட்டிங்கை, அதாவது கை உள்பக்கம் இழுபடாமல் தடுக்கும் திருகை, பூஜ்யத்தில் வை. பின்பக்க எடையைத் திருப்பி, ஊசி மாட்டிய கை மேலேயும் போகாமல் கீழேயும் சாயாமல் மிதக்கும்படி நிறுத்து. எடை அசையாமல் எண் வளையத்தை மட்டும் பூஜ்யத்துக்குக் கொண்டுவா. பிறகு ஊசி செய்த கம்பெனி சொன்ன கிராமுக்கு, பெரும்பாலும் இரண்டு கிராம் பக்கம் இருக்கும், எடையைத் திருப்பு. ஆன்டி ஸ்கேட்டிங்கிலும் அதே எண். எடை குறைந்தால் தட்டுக்கு நல்லது என்று நினைக்க வேண்டாம். குறைந்தால் ஊசி பள்ளத்துக்குள் துள்ளித் துள்ளிச் சுவரைச் செதுக்கிவிடும். மோனோ (இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே ஒலி) என்று போட்ட தட்டுகளுக்கு ஆம்பிளிபயரில் மோனோ சுவிட்ச் இருந்தால் போடு. மோனோவில் பாட்டு பக்கவாட்டு அசைவில்தான் இருக்கிறது. மேலும் கீழும் வருவது தூசியும் கீறலும்தான், அது அடங்கிவிடும். 1.8 நொடிக்கு ஒரு தடவை, அதாவது ஒரு சுற்றுக்கு ஒரு தடவை, டிக் என்று கேட்டால் குறுக்கே ஒரு கீறல் இருக்கிறது என்று அர்த்தம். நகத்தால் தடவித் தட்டுப்பட்டால் அது போகாது.

மாமி வீட்டுக் கூரை ஒழுகுகிறது, விற்றால் உதவும் என்கிறார் என்று எழுதியிருக்கிறாய். பெட்டி மாமியுடையது. விற்பதா வேண்டாமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். அப்பாவோ நானோ இல்லை. ஆனால் லேபிளும் வளையமும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பும்வரை ஒன்றையும் யாருக்கும் கொடுக்க வேண்டாம். கைண்ட் ஆஃப் புளூவை மட்டும் நான் வாங்கிக்கொள்கிறேன் என்று மாமியிடம் சொல். பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறேன்.

அம்மாவுக்கு அனுப்புவது இந்த மாதம் இருபதாம் தேதிக்கு மேல் வரும், கவலைப்பட வேண்டாம். அப்பாவின் கண் ஆபரேஷனை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். பெரிய அத்தானிடம் கேட்டால் தருவார், நான் அவருக்குத் தனியாக எழுதுகிறேன். நிலப் பத்திரத்தில் என் கையெழுத்து வேண்டுமென்றால் நகலைக் கவரில் அனுப்பு. மழைக்கு முன் மாமி வீட்டு ஓட்டை யாராவது ஏறிப் பார்க்கச் சொல். பெட்டியை அதுவரை நம் வீட்டு உள்ளறையில், தரையில் வைக்காமல் பலகைமேல் வை.

அன்புடன்,
அண்ணன்