பால் கட்டியைப் பிசையாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆண்டுதோறும் ஆகஸ்ட் முதல் வாரம் தாய்ப்பாலின் பெருமையைப் பேசுகிறோம். பால் கட்டி மார்பு கல்லாக இறுகும்போது என்ன செய்வது என்பதை மட்டும் சொல்லாமல் விடுகிறோம். வெந்நீர் ஒத்தடம், எண்ணெய் தேய்த்து அழுத்திப் பிசைவது, பம்ப் வைத்துக் கடைசிச் சொட்டுவரை எடுப்பது என்று வீட்டில் ஆளுக்கொரு யோசனை கிடைக்கும். வீக்கத்தைக் கூட்டுபவை இவைதான்.

பெரும்பாலும் அங்கே பால் உறைந்து அடைத்திருப்பதில்லை. பால் நாளங்களைச் சுற்றிய திசு நீர் கோத்து வீங்கி, நாளங்களை வெளியிலிருந்து நெருக்குகிறது. பிசைந்தால் அந்தத் திசு இன்னும் காயப்படும். அதிகமாகக் கறந்தால் சுரப்பு கூடும். தாய்ப்பால் மருத்துவ அகாடமியின் 2022 வழிகாட்டுதலும் பிசைவதை விலக்குகிறது.

குழந்தை கேட்கும்போது வழக்கம்போல இரு மார்பிலும் கொடுங்கள். கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி 10 நிமிடம் வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் வைக்கலாம். கட்டியிலிருந்து அக்குள் பக்கமாக, தோல் மட்டும் நகரும் அளவுக்கு மெல்லத் தடவலாம். வலிக்கு பாராசிட்டமால் போதும். வீக்கமும் குறைய இபுப்ரோஃபென் உதவும். வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அதை மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. மல்லிகைப்பூ வைத்துக் கட்டினால் சுரப்பே குறைந்துவிடும். தொடர்ந்து பால் கொடுக்க விரும்புபவர்களுக்கு அது ஆகாது. காம்பில் தெரியும் வெள்ளைப் புள்ளியை ஊசியால் குத்துவதும் தவறு.

24 மணி நேரத்தில் குறையாவிட்டாலோ, 101 டிகிரி காய்ச்சலும் குளிரும் வந்தாலோ மருத்துவரிடம் போங்கள். ஆன்டிபயாடிக் கொடுத்தால் பாதியில் நிறுத்தாமல் முடிக்க வேண்டும். அப்போதும் பால் கொடுக்கலாம். குழந்தைக்குக் கெடுதல் இல்லை. கட்டி தொளதொளவென்று ஆனால் சீழ் பிடித்திருக்கலாம். ஸ்கேன் பார்த்து ஊசியால் எடுத்துவிடுவார்கள். எல்லோருக்கும் கீறல் தேவைப்படாது.

வலியே இல்லாமல், பால் குடித்த பிறகும் கரையாமல், இரண்டு வாரம் தாண்டி நிற்கும் கட்டியைத்தான் நாங்கள் அதிகம் அஞ்சுகிறோம். அது பால் தேங்கிய நீர்க்கட்டியாகவும் இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். தொட்டுப் பார்த்துப் பிரிக்க முடியாது. அல்ட்ராசவுண்டும் ஊசிப் பரிசோதனையும் பால் கொடுத்துக்கொண்டே செய்யலாம். “பால் நின்றதும் பார்ப்போம்” என்று தள்ளக் கூடாது.

ஆறாவது வாரத் தடுப்பூசிக்குக் குழந்தையைக் கொண்டுவரும் ஒவ்வொரு தாயிடமும் மார்பில் கட்டி உண்டா என்று கேட்பதைச் சுகாதாரத் துறை வழக்கமாக்க வேண்டும்.

தாய்ப்பால் ஆலோசனைச் செவிலியர்கள்,
மதுரை